‘ஒறிஜினல்’ சாமான் எண்டால் என்ன?

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எங்களில் பலருக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். கூரை திறந்த சிவப்புக் கார், கடற்கரை வீதி, கறுப்புக் கண்ணாடி போட்ட கதாநாயகன். அந்தக் காருக்குக் கீழே குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. குனிந்து பார்த்தால் அங்கே ஒரு பகிடி கிடக்கிறது.

1958இல் பிரித்தானியாவில் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. தவளைக் கண் மாதிரி விளக்கு வைத்த கார். இன்று சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிற வண்டிகளில் அதுவும் ஒன்று. அதன் முன்பக்கச் சஸ்பென்ஷன் ஸ்பிரைட்டுக்கென்று பிறந்தது இல்லை, ஒஸ்ரின் ஏ-35 என்ற மலிவான குடும்பக் காரினுடையது. ஸ்ரேறிங் பொறி மொறிஸ் மைனரில் இருந்து வந்தது. எஞ்சினும் ஏ-35 வம்சம். 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெற் இதே ஸ்பிரைட்டின் உடன்பிறப்பு. 1962இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிற்பயரின் முன்கால் ட்ரையம்ப் ஹெரல்ட் என்ற சாதாரணக் காரின் முன்கால். அதே ஆண்டு வந்த லோட்டஸ் எலான், ஓட்டத்துக்குப் பேர்போன கார், அதுகூட முன்சில்லைத் தாங்கும் துண்டை ட்ரையம்பிடம் இருந்துதான் எடுத்தது. அந்த ஹெரல்ட்டைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்து விற்றது. மதறாஸ் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய கார் அது.

சுருக்கமாகச் சொன்னால், ராசா மகன் ஓடுகிற கால் வண்டிக்காரன்ர கால்.

இதை ஏன் மன்னாரில் இருந்து எழுதுகிறோம்? எங்கட தீவில் ஸ்போர்ட்ஸ் காரைவிடக் கழுதைகள் கூட என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வடக்கின் எல்லா ஊர்களையும் போல எங்கட கரையிலும் ஹயர் கார் என்றால் ஒரு காலம் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். கலியாணம், செத்தவீடு, மடுத் திருவிழா, ஆசுப்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அதுகள்தான். கொழும்பிலோ லண்டனிலோ ஒரு பணக்காரர் தன் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கிடைக்காத சஸ்பென்ஷன் சாமானைத் தேடுவதும், எங்கட ஊரில் ஒரு ஹயர்காரர் தன் மைனருக்கு அதே மாதிரிச் சாமானைத் தேடியதும் ஒரே தேடல்தான். தேடிய விதம்தான் வேறு. அவருக்குக் கைவசம் காசு இருந்தது. எங்கட ஆளுக்குக் கைவசம் ஒரு கடைச்சல் பட்டறை இருந்தது.

அந்தப் பட்டறையில் இருந்த அறிவு ஒரு வரிகூட எழுதப்படாமல் செத்துக்கொண்டிருக்கிறது. பழைய கார் மோகம் பரவுகிற இந்தக் காலத்தில் காரின் உடம்பைக் கும்பிடுகிறோம், அதை நடக்க வைத்த கைகளை மறந்துவிட்டோம். எங்கட முறைப்பாடு இதுதான்.

முதலில், இந்தக் கால் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். கலைப்பீடத்துப் பிள்ளைகள் என்ன விளக்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். கேட்டால் சொல்லித்தர ஆக்கள் இருக்கிறார்கள்.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியைச் செய்தவரும் அவர்தான். 1948இல் வந்த மைனரின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் நீளத்துக்குப் போகிற ஒரு உருக்குத் தண்டு முறுகி விரியும், அதுதான் ஸ்பிரிங். சில்லைத் தாங்கும் நெட்டுக்குத்தான துண்டு மேலேயும் கீழேயும் மரை வெட்டிய இரண்டு மூட்டுகளுக்குள் திரும்பும். அந்த மூட்டுக்கு ‘ட்ரனியன்’ என்று பெயர். கிறீஸ் அடித்தால் அது கனகாலம் இருக்கும். அடிக்காவிட்டால் மரை தேயும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்றால், முன்சில்லு அப்படியே மடிந்து வண்டி மூக்குக் குத்தும். மைனர் வைத்திருக்கிற ஆரைக் கேட்டாலும் இந்தப் பயத்தைச் சொல்வார்.

ஹெரல்ட்டிலும், அதன் வழியாக ஸ்பிற்பயரிலும், கீழ்மூட்டு வெண்கல வகை உலோகம். அதற்குள் உருக்குத் துண்டின் மரை திரும்பும். ஒரு பக்கச் சில்லுக்கு வலம்புரி மரை, மற்றப் பக்கத்துக்கு இடம்புரி மரை. இதற்குக் கிறீஸ் அல்ல, கட்டியான கியர் ஒயில்தான் விடவேண்டும் என்பது பழைய மெக்கானிக்மாரின் வேதவாக்கு. கிறீஸ் இறுகிக்கொண்டு உள்ளே போகாது. உள்ளே போகாத இடத்தில் ஈரம் நின்று துருப்பிடிக்கும். துருப்பிடித்த உருக்கு சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

இப்போது இதை மன்னாருக்குக் கொண்டுவாருங்கள். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கமும் கடல், நடுவில் ஒரு பாலம். சோளகம் அடித்தால் மண்ணும் உப்பும் சேர்ந்து வரும். வாடை அடித்தால் உப்பு ஈரம் வரும். 2020 கடைசியில் 30 காற்றாலைகளோடு தம்பபவனியை இங்கே கொண்டுவந்து நட்டது சும்மா இல்லை, அவ்வளவு காற்று. அந்தக் காற்று மின்சாரத்துக்கு நல்லது. ட்ரனியனுக்கு எமன். பேசாலையிலோ தலைமன்னாரிலோ ஓடிய ஒரு வண்டியின் அடிப்பாகம், கண்டியில் ஓடிய வண்டியை விடக் கெதியாக உக்கும். அதனால் இங்கே மெக்கானிக் வேலை என்றால் பாதி துருவோடு போடுகிற சண்டைதான்.

இதற்கு மேலே போர் வந்தது. 1990இல் மறுபடி போர் தொடங்கியபின் வடக்கில் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. எங்கட மாவட்டமே இரண்டாகக் கிழிந்து கிடந்தது. தீவு ஒரு பக்கம், மடு, அடம்பன், விடத்தல்தீவு என்று பெருநிலம் மறுபக்கம். அந்தக் காலத்தில் ஏ-40களும் கேம்பிறிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் துளி பெற்றோல் விட்டு, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். சொல்லிச் சொல்லிப் புளித்த கதை. ஆனால் எஞ்சினைப் பற்றி மட்டும்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஏழு எட்டுப் பேரையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு குண்டும் குழியுமான பாதையில் போன வண்டியின் கால் என்ன ஆனது என்று ஆரும் கேட்பதில்லை. மண்ணெண்ணெய் எஞ்சினை ஓட்டும். தேய்ந்த மூட்டை அது ஒட்டாது.

அங்கேதான் கடைச்சல்காரர் வருகிறார். றப்பர் புஷ் இல்லையா, பழைய லொறி ரயரில் வெட்டு. பிறகு நைலோன் தண்டு கிடைத்தபோது அதில் கடைந்தார்கள். வில்லுத்தகடு முறிந்ததா, லொறியின் தகட்டை வெட்டி, உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைவு ஏற்றி, ஒயிலில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் பார்த்துப் பூட்டு. இந்தக் கார்களின் சொக் அப்சோபர் இன்றைய குழாய் வடிவம் இல்லை. அலுமினியப் பெட்டிக்குள் ஒயிலும் பிஸ்ரனும் இருக்கும். வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிரைட்டிலும் மைனரிலும் அந்தக் கைதான் மேல் இணைப்பும் கூட. அது தேய்ந்து ஒயில் ஒழுகினால் தூக்கி எறிய முடியாது. தண்டு திரும்புகிற துளையைப் பெருப்பித்து, வெண்கல புஷ் இறுக்கி, புதுச் சீல் வைக்கவேண்டும். இதே வேலையை இன்று இங்கிலாந்தில் இதற்கென்றே இருக்கிற பட்டறைகள் செய்கின்றன. அங்கே அதற்கு ‘றீபில்ட்’ என்று பெயர், பெட்டியில் போட்டு விலை ஒட்டி விற்கிறார்கள். எங்கட ஆக்கள் செய்தபோது அதற்குப் பெயர் ‘ஒப்பேத்துறது’.

இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் எங்களைக் குடைகிறது.

இன்னொரு விசயம் தெரியுமா? 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர் இலங்கையில் பங்காளி ஒருவரோடு சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். மைனர் காருக்கான உதிரிப்பாகங்களைத் தெற்கிலங்கையில் கையாலும் சின்ன இயந்திரங்களாலும் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். பிரித்தானியா நிறுத்திவிட்ட சாமானை இலங்கைத் தொழிலாளர் செய்து பிரித்தானியாவுக்கே விற்றார்கள். எங்களுக்கு இதில் பொறாமை இல்லை, பெருமைதான். ஆனால் அதே நாட்டில், அதே பத்தாண்டில், வடக்கில் ஒரு மைனருக்கு ஒரு புஷ் சோதனைச்சாவடியைத் தாண்டி வரமுடியாமல் இருந்தது. ஒரே தீவின் தெற்குமுனையில் செய்த சாமானுக்கு லண்டன் கிட்ட, வவுனியா தூர. தெற்கில் அந்த வேலைக்கு ஏற்றுமதிக் கணக்கு இருந்தது, அளவு வரைபடம் இருந்தது, செய்தி எழுத ஆக்கள் வந்தார்கள். வடக்கில் அதே வேலையைச் செய்தவரின் அளவுகள் அவருடைய தலைக்குள் மட்டும் இருந்தன.

இனி ‘ஒறிஜினல்’ என்ற சொல்லுக்கு வருவோம். பழைய கார் பிரியர்களின் உலகில் இது கடவுள் மாதிரியான சொல். தொழிற்சாலை முத்திரை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அரைவிலை. போர் முடிந்தபின் தெற்கில் இருந்து பழைய கார் தேடி வருபவர்களை வடக்கு நன்றாக அறியும். வந்தவர்களில் சிலர் வண்டிக்குக் கீழே பார்த்து, “இது ஒறிஜினல் இல்லையே” என்று விலையைக் குறைப்பார்கள். நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: ஸ்பிரைட்டின் காலே இரவல் கால்தானே, அதில் ஒறிஜினல் எது? பக்கத்துக் காரின் சாமானைக் கழற்றித் தனக்குப் பூட்டிக்கொண்ட கார் அது. அதைத் தொழிற்சாலை செய்தால் புத்திசாலித்தனம், பட்டறை செய்தால் ஏமாற்றா? 30 வருசம் ஆக்களை ஏற்றி இறக்கிய புஷ்ஷைவிட, அலமாரியில் பெட்டிக்குள் இருந்த புஷ் உண்மையானது என்று எந்தக் கணக்கில் சொல்வது? எங்கட கருத்தில், தடைக்காலத்தில் கடைந்த ஒரு துண்டு அந்த வண்டியின் வரலாற்றுச் சான்று. திருத்தும்போது அதைக் கழற்றினாலும் எறியக்கூடாது. திகதி எழுதி எடுத்து வைக்கவேண்டும்.

அதற்காக எங்கட ஆக்கள் எதையும் செய்வார்கள் என்று மார்தட்டவும் நாங்கள் தயாரில்லை. சஸ்பென்ஷன் என்பது உயிர் தொங்குகிற இடம். புஷ் கடையலாம். சொக் அப்சோபரைத் திருத்தலாம். வில்லுக்கு வளைவு ஏற்றலாம். சரியான உலோகம் கிடைத்தால், மரை வெட்டத் தெரிந்தவர் இருந்தால், ட்ரனியனும் செய்யலாம். ஆனால் சில்லைத் தாங்குகிற உருக்குத் துண்டு காய்ச்சி அடித்து உருவாக்கிய பொருள். அது வெடித்தால் ஒட்டுப் போடக்கூடாது. ஒட்டின சூட்டில் பக்கத்து உருக்கின் பதம் மாறும், ஒட்டின இடம் தப்பிக்கும், அதற்குப் பக்கத்தில் முறியும். இது தெரிந்த மெக்கானிக் “ஏலாது தம்பி, இதை நான் செய்யமாட்டன்” என்பார். அந்த ‘ஏலாது’தான் கெட்டித்தனத்தின் பெரிய அடையாளம். போர்க்காலத்தில் வேறு வழி இல்லாமல் செய்ததை இன்றும் செய்யச் சொல்லி ஒருவரை நெருக்குவது அவரை மதிப்பது ஆகாது.

“சரி, இது காசுள்ளவனுடைய பொழுதுபோக்கு, எங்களுக்கு என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான வாகனம் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆனது. நடுவில் 2022. டொலர் இல்லை, பெற்றோலுக்கு வரிசை, கடன் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்தது. அந்த ஐந்து வருசமும் இருந்த வண்டியைத் திருத்தித் திருத்தித்தான் இந்த நாடு ஓடியது. பஞ்சிகாவத்தையில் ஒரு சாமானின் விலையைக் காலையில் கேட்டால் ஒன்று, பின்னேரம் கேட்டால் இன்னொன்று. ஓட்டோக்காரர், லான்மாஸ்டர் வைத்திருந்த விவசாயி, வெளிமோட்டார் வைத்திருந்த மீனவர் என்று எல்லாரும் ஒரே வாசலில் போய் நின்றார்கள், கடைச்சல் பட்டறை வாசலில். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு, 1990களின் தடை, 2006இல் ஏ-9 மறுபடி மூடியது, பிறகு 2020. பதினைந்து இருபது வருசத்துக்கு ஒருமுறையாவது கப்பல் வராத காலம் ஒன்று எங்களுக்கு வருகிறது. அடுத்தது வராது என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. அப்படி வந்தால் மரை வெட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

மிஞ்சாமல் போவதற்கு முதல் காரணம் எங்கட வீடுகள். ஏ.எல். பிழைத்தால் “கராஜில கொண்டுபோய் விடு” என்கிறோம். படிப்பு ஏறாதவனுக்கான தண்டனையாகத்தான் ஒரு தொழிலை அறிமுகப்படுத்துகிறோம். இதற்குப் பின்னால் சாதியும் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. உலையும் சுத்தியலும் தொடுகிற கையை ஒரு படி கீழே வைத்துப் பழகிய சமூகம் இது. இங்கிலாந்தில் அதே வேலைக்கு ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பெயர் கிடைத்தவுடன் வாய் பிளந்து பார்க்கிறோம்.

இரண்டாவது காரணம் இடப்பெயர்வு. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவில் இருந்த முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியில் இருந்தும் தாராபுரத்தில் இருந்தும் போனது வீடும் வாசலும் மட்டுமில்லை. தொழில் தெரிந்த கைகளும் போயின. வன்னியில் இருந்து கடல் தாண்டிப் போனவர்களோடும் அப்படித்தான். ஒரு மெக்கானிக் போனால் அவரோடு அவர் கேட்டுப் பழகிய சத்தங்களும் போகும். வண்டி குழியில் விழும்போது வருகிற ‘கடக்’ கீழ்மூட்டா மேல்மூட்டா என்று சொல்கிற காது எந்தப் பெட்டியிலும் கட்டிக்கொண்டு போகிற பொருள் இல்லை, எந்தக் கடையிலும் வாங்குகிற பொருளும் இல்லை.

மூன்றாவது காரணம் எங்களைப் போன்ற பல்கலைக்கழகப் பிள்ளைகள் படிக்கிற விதம். போரைப் பற்றி வாய்மொழி வரலாறு சேகரிக்கிறோம். இடப்பெயர்வு, பங்கர், முகாம் என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் “அந்த நேரம் இந்தச் சாமானை எப்படிச் செய்தீங்கள், என்ன அளவு, இரும்பு எங்க எடுத்தனீங்கள்?” என்று ஆரும் கேட்பதில்லை. துன்பத்தைச் சொல்லச் சொல்லி ஆக்களை அழவைக்கிறோம். அவர்களின் கெட்டித்தனத்தைக் கேட்க மறந்துபோகிறோம்.

ஆகவே எங்களிடம் மூன்று யோசனைகள் இருக்கின்றன. பெரிய திட்டம் ஒன்றுமில்லை.

முதலாவது, ஒரு கொப்பி. மன்னார், அடம்பன், முருங்கன், நானாட்டான், வங்காலை என்று ஊர் ஊராக இருக்கிற பழைய பட்டறைகளில் போய் இருந்து, ஆள் விரும்பினால் அவர் சொல்கிற அளவுகளை எழுதவேண்டும். இந்தக் கார்கள் அங்குலத்தில் பிறந்தவை. இன்றைய கருவிகள் மில்லிமீற்றரில் பேசுகின்றன. இரண்டையும் எழுதவேண்டும். சாமானுக்கு அவர் வாயில் வருகிற பெயரையும் அப்படியே எழுதவேண்டும். அகராதித் தமிழாக்கி அழகுபடுத்தத் தேவையில்லை. கலைப்பீடத்துக்கு இதைவிட ஏற்ற வேலை இல்லை.

இரண்டாவது, சான்றிதழ். தொழில் தெரிந்தும் பத்திரம் இல்லாதவரின் முன்னனுபவத்தைச் சோதித்து தேசியத் தொழிற்தகைமை வழங்குகிற முறை இலங்கையில் ஏற்கனவே இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாமலும், ‘எங்களுக்கு ஆர் தருவினம்’ என்ற எண்ணத்திலும் பலர் போவதில்லை. விண்ணப்பம் நிரப்ப எங்களுக்குத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாவிட்டாலும் அது தெரியும்.

மூன்றாவது, பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு. உங்கட எம்.ஜி.க்கோ மைனருக்கோ சாமான் இங்கிலாந்தில் இருந்து வருவிப்பது உங்கள் விருப்பம். முறியக்கூடாத உருக்குத் துண்டென்றால் கட்டாயம் வருவியுங்கள். ஆனால் புஷ்ஷையும் சொக் அப்சோபரையும் உள்ளூர்ப் பட்டறைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது விலை பேசிப் பாதியாக்காமல், பக்கத்தில் ஒரு பழகுநரை வைத்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், அவருக்கும் சேர்த்துக் காசு கொடுங்கள். கப்பலுக்கும் சுங்கத்துக்கும் கட்டுகிற காசில் ஒரு பொடியனோ பொடிச்சியோ தொழில் பழகலாம்.

கலியாண வீட்டுக்கு ஏ-40 வாடகைக்கு எடுத்து, பூமாலை போட்டு, முன்னால் நின்று படம் எடுக்கிற பழக்கம் இப்போது கூடியிருக்கிறது. நல்ல விசயம்தான். அடுத்தமுறை எடுக்கும்போது சாரதியிடம் ஒன்று கேளுங்கள்: “அண்ணை, இதின்ர முன்பக்க வேலை ஆர் செய்தது?” அவர் ஒரு பெயர் சொல்வார். அந்த ஆள் இன்னும் உயிரோடு இருந்தால், எங்களுக்கு அறிவியுங்கள். கொப்பியோடு வருகிறோம்.